அறுபது வயதுக் காலுக்குப் பாறை ஏறும் ஷூ: லா ஸ்போர்டிவா மித்தோஸ்

வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, பெருவிரல் மூட்டு வெளியே புடைத்திருக்கிறது, பாதம் அகலம், ஆனாலும் பாறை ஏறும் ஆசை விடவில்லை என்றால், கடையில் நீங்கள் முதலில் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கவேண்டியது லா ஸ்போர்டிவா கம்பெனியின் மித்தோஸ். தலைக்கு மேல் கவிழ்ந்து நிற்கும் சுவரில் தொங்கி ஏறுகிறவர்களுக்கு இது சரிப்படாது. சரிவான கருங்கல் பாறையில், மேலே கயிறு கட்டி, நிதானமாகக் கால் வைத்து ஏறுகிற நம் வயதுக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஷூவை நான் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை.

எனக்கு வயது 61. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கிளோசிங் செக்‌ஷனில் தையல் மெஷினில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். குவாலிட்டி செக்கிங்கில் இருந்து ரிட்டயர் ஆனேன். ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பாகங்களை, வேலை நாள் முழுக்கக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். தையல் இழை ஒன்று தளர்ந்திருந்தாலும், ஸ்கைவிங் செய்த, அதாவது சீவி மெலிதாக்கிய, ஓரம் அரை மி.மீ. தடித்திருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். இப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவள் பல வருஷமாகப் பாறை ஏறுகிறாள். அவளோடு துணைக்குப் போய், பிறகு நானும் ஏற ஆரம்பித்தேன். துரஹள்ளிக் காட்டில் இருக்கும் சின்னப் பாறைகளில் தொடங்கி, ராமநகரா, சாவனதுர்கா என்று போகிறோம். அதனால் இந்த ஷூவைப் பற்றி இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குப் பேச முடியும். செய்கிறவள் கண்ணோடும் பார்த்தேன், போடுகிறவள் காலோடும் பார்த்தேன்.

ஷூவைச் சொல்லும் முன் நம் வயதுக்கு ஷூ ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லவேண்டும். பாறை ஏறுவதைக் கை பலம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இருபது வயதுப் பையன்கள் அப்படித்தான் ஏறவும் செய்கிறார்கள். நமக்கு அது ஆகாது. விரலை மடக்கும் தசைநாரை எலும்போடு சேர்த்துப் பிடித்து வைத்திருப்பவை சின்னச் சின்ன வளையங்கள். மெல்லிய விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது மொத்தப் பாரமும் அந்த வளையங்களில்தான் விழுகிறது. தசை சில வாரத்தில் பலம் ஏறிவிடும். தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது பலப்பட மாதக்கணக்கில் ஆகும், வயதானால் இன்னும் மெதுவாகும். வளையம் ஒன்று அறுந்தால் தோசை திருப்பக்கூட அந்த விரல் பல வாரம் ஒத்துழைக்காது. எனவே நாம் காலில் நின்று ஏறவேண்டும். கை சும்மா பாறையைத் தொட்டுக்கொண்டு சமநிலைக்கு இருந்தால் போதும்.

காலில் நிற்கவேண்டுமானால் கால் வலிக்கக் கூடாது. ஷூ கடித்தால் உடம்பு தானாகவே காலிலிருந்து பாரத்தை எடுத்துக் கைக்குக் கொடுத்துவிடும். நாம் தீர்மானித்துச் செய்வதில்லை, உடம்பே செய்துவிடுகிறது. கால் வலிக்கு விலை கொடுப்பது விரல். வலிக்கிற ஷூவைப் போட்டுக்கொண்டு ‘பழகிவிடும்’ என்று ஏறும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுவது இதனால்தான்.

இப்போது ஷூவுக்கு வருகிறேன். லா ஸ்போர்டிவா இத்தாலிக் கம்பெனி. டோலமைட் மலைப் பக்கம் ஃபியெம்மே பள்ளத்தாக்கில் 1928இல் நர்சிசோ டெல்லாடியோ என்ற செருப்புத் தொழிலாளி, மரம் வெட்டுகிறவர்களுக்கும் விவசாயிகளுக்கும் மரக்கட்டைச் செருப்பும் தோல் பூட்ஸும் செய்து ஆரம்பித்தது. மித்தோஸ் 1991இல் வந்தது. ஏறும் ஷூக்கள் சில வருஷத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே இருக்கும் உலகத்தில், அதே அடிப்படை அமைப்போடு முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மாடல் விற்றுக்கொண்டிருக்கிறது என்றால் அந்த லாஸ்ட் சரியாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். லாஸ்ட் என்பது ஷூவை எதன் மேல் இழுத்து வடிவம் கொடுக்கிறார்களோ அந்தக் கால் அச்சு. லாஸ்ட் சரியில்லை என்றால் தோல், தையல், பசை எதுவும் அந்த ஷூவைக் காப்பாற்றாது. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது.

பெட்டியைத் திறந்ததும் நான் செய்த முதல் காரியம் உள்ளே கையை விட்டுத் தடவியதுதான். லைனிங் கிடையாது. மெத்தென்ற, உரசிய முகமுள்ள தோல் அப்படியே காலைத் தொடுகிறது. சாதாரண ஷூவில் அப்பருக்கு உள்ளே லைனிங் ஒட்டுவோம், இழுபடும் இடங்களில் டேப் கொடுப்போம். ஷூ கடையில் இருந்த வடிவத்திலேயே கடைசி வரைக்கும் இருக்கவேண்டும் என்பதற்காக. இங்கே அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். லைனிங் இல்லாத தோல் போடப் போடக் காலின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்.

தோல் எப்படி இழுபடும் என்பது தெரிந்தால் இந்த ஷூவின் அருமை புரியும். மாட்டுத் தோலில் முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்ச்சி. ஒரே தோலிலும் ஒரு திசையில் இழுத்தால் நீளும், இன்னொரு திசையில் இழுத்தால் அசையாது. கட்டிங் செக்‌ஷனில் இருப்பவர்கள் டை என்ற வெட்டு அச்சை வைப்பதற்கு முன்னால் இரண்டு கையாலும் தோலை இழுத்துப் பார்ப்பார்கள். இறுக்கமான திசை விரல் நுனியிலிருந்து குதிகால் பக்கம் போகவேண்டும், நீளும் திசை அகலவாட்டில் வரவேண்டும். அப்போதுதான் ஷூ நீளத்தில் தொளதொளக்காமல் அகலத்தில் மட்டும் காலுக்கு இடம் கொடுக்கும். மித்தோஸின் முன்பாகத்தை இரண்டு கட்டை விரலாலும் விரித்துப் பார்த்தேன். குறுக்கே நன்றாகக் கொடுத்தது, நெடுக்கே அவ்வளவாகக் கொடுக்கவில்லை. என் வலது பெருவிரல் மூட்டு புடைத்திருக்கும் இடத்துக்கு அந்த அகலம்தான் வேண்டும். சில வாரம் போட்ட பிறகு அந்த இடத்தில் தோல் வெளிப்பக்கமாக ஒரு சின்ன மேடு கட்டிக்கொண்டது. ஷூவைக் கழற்றி வைத்தாலும் அந்த மேடு அப்படியே நிற்கிறது. இப்போது மூட்டு அங்கே போய் உட்காருகிறது, உரசல் இல்லை.

அடுத்தது லேஸ். இந்த ஷூவின் தனி அடையாளமே அதுதான். சாதாரணமாக லேஸ் காலின் மேல்புறத்தோடு நின்றுவிடும். மித்தோஸில் லேஸ் விரல் பக்கத்தில் ஆரம்பித்து, கணுக்கால் கீழே பக்கவாட்டில் ஓடி, குதிகாலுக்குப் பின்னால் சுற்றி வந்து மறுபக்கம் சேர்கிறது. இழுத்துக் கட்டும்போது பாதத்தை முழுக்க ஒரே அளவில் அணைக்கிறது. எனக்கு இதில் பிடித்தது, விரல் பக்கம் தளர்வாக விட்டுவிட்டு நடுப் பாதத்திலும் குதிகாலிலும் மட்டும் இறுக்கிக்கொள்ள முடிகிறது என்பது. இடது காலுக்கும் வலது காலுக்கும் வேறு வேறு இறுக்கம் வைக்கிறேன். வயதானால் இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பதில்லை. எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்து பாதம் அகலமாகும், கொஞ்சம் நீளவும் செய்யும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தை மெலிந்துபோகும். காலையில் இருந்த கால் சாயங்காலம் வேறு அளவில் இருக்கும். கூர்மையாக வளைந்த இளவட்ட ஷூக்கள் இவற்றில் எதையும் கணக்கில் எடுப்பதில்லை. மித்தோஸ் தட்டையானது, விரல்களைக் கீழ்நோக்கி மடக்காது.

ரப்பர் நாலைந்து மி.மீ. இருக்கும். அதைச் சுற்றி விரல் முனையிலும் ஓரங்களிலும் இன்னொரு ரப்பர் பட்டை ஓடுகிறது. ஏறும் ஷூவின் ரப்பர் சாதாரண சோல் ரப்பர் இல்லை. நகத்தால் அழுத்தினால் பதியும், விட்டால் மெதுவாக எழும். அந்த மெதுவான எழுச்சியில்தான் பிடிப்பு இருக்கிறது. பாறையின் சொரசொரப்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ள அதற்கு நேரம் கிடைக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு போரியல் கம்பெனி இப்படி ஒட்டும் ரப்பரோடு ஒரு ஷூவைக் கொண்டு வந்தபோது, அதுவரை முடியாது என்று விட்டிருந்த சரிவுகளில் ஏற ஆரம்பித்தார்கள் என்று படித்திருக்கிறேன். ரப்பரைக் கையில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

ராமநகராவில் இதை நன்றாகப் பார்க்கலாம். பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் சுமார் 50 கி.மீ. அந்தப் பாறையைப் புவியியல்காரர்கள் க்ளோஸ்பேட் கிரானைட் என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஊருக்கு க்ளோஸ்பேட் என்றுதான் பெயர். பாறையின் வயது சுமார் 250 கோடி வருஷம். இளஞ்சிவப்பும் சாம்பலுமாக, பெரிய பெரிய படிக மணிகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பிடிக்க இடமே இருக்காது. ஆனால் கால் வைக்க எங்கும் இடம். மணி ஒன்று மிளகு அளவில் துருத்தியிருந்தால் போதும், அதன் மேல் பெருவிரலின் உள்பக்கத்தை வைத்து, குதிகாலைக் கொஞ்சம் தாழ்த்தி, பாரத்தை முழுக்க இறக்கவேண்டும். பாதிப் பாரம் வைத்தால் வழுக்கும். முழுப் பாரம் வைத்தால் நிற்கும். எங்களுக்குக் கயிறு பிடிக்கும் ராமநகராப் பையன் கீழே இருந்து, “அம்மா, கையை விடுங்க, கால் மேல நில்லுங்க” என்று கத்திக்கொண்டே இருப்பான். விரல் மூட்டு வலிக்கிற ஷூவில் அப்படி முழுப் பாரத்தை இறக்க மனசே வராது. மித்தோஸில் வருகிறது. மெல்லிய தோல் என்பதால் அடியில் இருப்பது மணியா, குழியா, பாசியா என்று பாதத்துக்குத் தெரிகிறது. வயது ஏற ஏறப் பாத உணர்ச்சி மங்கும். அந்த நிலையில் இது பெரிய விஷயம்.

ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். ராமநகராவில் ராமதேவர பெட்டா என்ற குன்று பாறுக் கழுகுகளுக்கான சரணாலயம், 2012இல் அறிவித்தார்கள். அங்கே கண்ட இடத்தில் ஏறக் கூடாது. உள்ளூர் ஆட்களைக் கேட்டு, அனுமதி உள்ள மற்ற குன்றுகளுக்குத்தான் போகவேண்டும். பாறு மிச்சம் இருப்பதே கொஞ்சம்.

வெயில் ஏறுவதற்குள் ஏறி முடித்துவிடுவது நல்லது. கருங்கல் சூடானால் ரப்பர் மெத்தென்றாகிப் பிடிப்பு குறையும், காலும் வீங்கும். ராமநகராவில் ஏழு மணிக்கெல்லாம் நாங்கள் முதல் கயிறு கட்டிவிடுவோம். டிசம்பர், ஜனவரியில் மத்தியானம் வரைக்கும்கூட ஏறலாம்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது அங்கேதான். நான் வாங்கப் போன கடையில் விற்பனைப் பையன் என் செருப்பு அளவிலிருந்து இரண்டு சைஸ் குறைத்து எடுத்துக் கொடுத்தான். போட்டதும் விரல் எல்லாம் மடங்கிக்கொண்டது. “ஆன்ட்டி, கிளைம்பிங் ஷூன்னா வலிக்கத்தான் செய்யும், லெதர் லூஸாயிடும்” என்றான். இளைஞர்களுக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். இந்த ஷூ நன்றாகவே தளரும் என்பதும் உண்மை. ஆனால் தோல் தளர்வதற்குள் என் மூட்டு என்ன ஆகும்? நான் அரை சைஸ் மட்டும் குறைத்து எடுத்தேன். விரல்கள் நேராக நீண்டு முனையைத் தொடவேண்டும், மடங்கக் கூடாது. குதிகாலில் காற்று இருக்கக் கூடாது. இரண்டு காலும் போட்டு, கடையில் இருக்கும் ஏதாவது படி விளிம்பில் பெருவிரலை மட்டும் வைத்து நின்று பாருங்கள். அரை நிமிஷம் முகம் சுளிக்காமல் நிற்க முடிந்தால் அதுதான் உங்கள் அளவு. சாயங்காலம் போய்ப் பாருங்கள், அப்போதுதான் கால் அதன் முழு அளவில் இருக்கும். பையனின் அவசரத்துக்கு நீங்கள் ஆளாகவேண்டாம். நான் அங்கே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சர்க்கரை இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். பாதத்தில் மரமரப்பு இருந்தால் ஷூ கடிப்பது தெரியாது. புண் வந்த பிறகுதான் தெரியும். டாக்டரிடம் கால் காட்டி, அவர் சரி என்ற பிறகே ஏறும் ஷூ பக்கம் போங்கள். போகிறவர்கள் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பிறகு ஷூவைக் கழற்றி விரலிடுக்கு, நகக்கண், குதிகால் மூன்றையும் கண்ணால் பாருங்கள். எங்கள் குழுவில் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் இருக்கிறார், 68 வயது. அவர் பையில் ஒரு சின்னக் கைக்கண்ணாடி வைத்திருக்கிறார், பாதத்தின் அடிப்பக்கம் பார்ப்பதற்கு. எல்லாரும் செய்யவேண்டியது அது.

அதே மேனேஜருக்கு மித்தோஸ் ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவருக்குக் கை விரல் மூட்டுகளில் வாதம். லேஸ் இந்த ஷூவின் பலம் என்றேன், அவர் கைக்கு அதுவே பாரம். துளை துளையாகத் தளர்த்தி, குதிகால் பக்கத்தை இழுத்துச் சரிசெய்து, கடைசியில் முடிச்சுப் போட நல்ல விரல்கள் வேண்டும், குனிந்து உட்கார நல்ல இடுப்பும் வேண்டும். “மேடம், நான் லேஸ் கட்டி முடிக்கிறதுக்குள்ள நீங்க ஏறி இறங்கிடறீங்க” என்றார். அவர் இப்போது டெக்கத்லானில் விற்கும் சிமோண்ட் ஷூ போடுகிறார். இரண்டு வெல்க்ரோ பட்டை, தட்டையான அடி, விலையும் பாதிக்குக் கீழே. சிமோண்ட் பிரான்ஸில் ஷமோனி என்ற மலை ஊர்ப் பக்கத்துப் பழைய கம்பெனி, ஐஸ் கோடரி செய்து வந்தவர்கள், இப்போது டெக்கத்லானுடையது. விரல் வாதம் இருப்பவர்களும், இந்த ஆட்டம் நமக்கு ஒத்துவருமா என்று இன்னும் தெரியாதவர்களும் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். மித்தோஸ் இங்கே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. ஆசை நிலைக்கும் என்று தெரிந்த பிறகு செலவு செய்தால் போதும்.

வாடகை ஷூவில் மட்டும் வருஷக்கணக்கில் ஓட்டவேண்டாம். உள்ளரங்குச் சுவர் ஒன்றில் எனக்குக் கொடுத்த வாடகை ஷூ, ரப்பர் தேய்ந்து முனையில் தோலே தெரிந்தது. கேட்டதற்கு, “எல்லாரும் இதைத்தான் போடறாங்க” என்றார்கள். முனை ரப்பர் போன ஷூவில் கால் நிற்காது, கால் நிற்காவிட்டால் கை தொங்கும், நான் மேலே சொன்ன கதைதான். வாடகைக்கு எடுத்தால் ஷூவைத் திருப்பிப் பெருவிரல் முனையைப் பாருங்கள். ரப்பர் விளிம்பு கூர்மையாக இருந்தால் வாங்குங்கள், உருண்டு போயிருந்தால் வேறு கேளுங்கள்.

மித்தோஸின் அமைப்பு எதற்காக ஏற்பட்டதோ அதற்கு வெளியே அதை எதிர்பார்க்கக் கூடாது. தளர்கிற தோல் என்பதால், சில மாதத்துக்குப் பிறகு மிக மெல்லிய விளிம்பில் முனையை மட்டும் வைத்து நிற்கும் துல்லியம் கொஞ்சம் குறையும். குதிகாலைக் கொக்கி மாதிரி மாட்டி இழுக்கும் வேலைக்கு இது ஆகாது. உள்ளரங்கில் கவிழ்ந்த சுவரில் பிளாஸ்டிக் பிடிகளில் ஏறுவதுதான் உங்களுக்கு வேண்டும் என்றால் வேறு பாருங்கள். பெருவிரல் மூட்டு மடங்கவே மடங்காமல் இறுகிவிட்டவர்களுக்கும் இன்னும் விறைப்பான அடியுள்ள ஷூ நல்லது. மித்தோஸ் வளைந்து கொடுக்கும், அந்த வளைவு இறுகிய மூட்டில் குத்தும். பாறை வெடிப்புகளில் பாதத்தைச் செருகி ஏறுகிறவர்களுக்கு மாறாக இது வரப்பிரசாதம். மூட்டு புடைத்திருக்கும் எனக்கு வெடிப்பு சுகமாக இல்லை, அது ஷூவின் குறை அல்ல.

போல்டரிங் பற்றிக் கேட்கிறார்கள். கயிறு இல்லாமல் நாலு மீட்டர் வரை ஏறி மெத்தையில் குதிப்பது. நான் அதைச் செய்வதில்லை, நம் வயதில் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறையும். மெத்தையே ஆனாலும் மணிக்கட்டும் இடுப்பும் தாங்கும் என்று சொல்ல முடியாது. துரஹள்ளியில் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் பக்கவாட்டில் நகர்ந்து பழகுவேன், அது காலுக்கு அருமையான பயிற்சி. உயரம் போவதென்றால் மேலே கயிற்றைப் பாறையோடு பிணைக்கும் ஆங்கர் போட்டு, ஹெல்மெட், ஹார்னஸ் என்ற இடுப்பு வார் மாட்டி, அதில் கயிற்றைக் கட்டும் எட்டு வடிவ முடிச்சை இன்னொருவர் கண்ணால் சரிபார்த்த பிறகுதான். அப்படி ஏறும்போது விழுந்தாலும் ஒரு சாண், இரண்டு சாண் கயிற்றில் உட்காருவோம், அவ்வளவுதான். கீழே நம் கயிற்றைப் பிடித்துக் காப்பவர் நம்மைவிட எடை குறைவா கூடவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் இது தேவையா என்று உறவினர்கள் கேட்காத கல்யாண வீடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலையும் தசை பலமும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்கிறது, கீழே விழாமல் இருப்பதற்காகவே. சரிவுப் பாறையில் ஒற்றைக் காலில் நின்று அடுத்த காலைத் தேடுவதைவிட அதற்குப் பொருத்தமான பயிற்சி என்ன இருக்கிறது? அமெரிக்காவில் டியட்ரி வொலோனிக் என்ற அம்மா, கயிறு இல்லாமல் ஏறிப் பேர் வாங்கிய அலெக்ஸ் ஹானல்டின் தாயார், ஐம்பது வயதுகளின் கடைசியில் ஏறப் பழகி, 66 வயதில், 2017இல், எல் கேப்பிட்டன் பாறையில் ஏறினார். 2021இல் தம் எழுபதாவது பிறந்தநாளை ஒட்டி மறுபடியும் ஏறினார். அதே 2017இல் ஸ்விட்சர்லாந்தின் மார்செல் ரெமி 94 வயதில் மிருவார் டி லார்ஜென்டீன் என்ற பெரிய சரிவுப் பாறையை ஏறி முடித்தார். மிருவார் என்றாலே முகம் பார்க்கும் கண்ணாடி என்றுதான் பொருள், பிடி குறைவு, காலில் நின்று ஏறவேண்டிய இடம். என் மாமியார் வீட்டுச் சொந்தங்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

பராமரிப்பு விஷயத்தில் தோல் தொழிலில் இருந்தவள் என்ற முறையில் சிலதை அழுத்திச் சொல்கிறேன். ஷூவை வெயிலில் காயவைக்காதீர்கள். வியர்வையில் நனைந்த தோலை வெயிலில் போட்டால் எண்ணெய்ப் பசை போய் விறைத்துவிடும், பிறகு மடிப்பில் வெடிக்கும். நிழலில், காற்றில், உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக் காயவிடுங்கள். மூடிய காரின் டிக்கியில் விட்டுவிட்டு வராதீர்கள், பெங்களூர் வெயிலிலேயே பசை இளகும், வேலூர் வெயிலைச் சொல்லவேண்டாம். ரப்பரில் மண் ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஏறுங்கள். மண் மேல் நிற்கும் ரப்பர் பாறை மேல் நிற்பதில்லை. ஏறாத நேரத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே கூடாது. நான் கீழே ஒரு ஜோடி ஹவாய் செருப்பு வைத்திருப்பேன், இறங்கியதும் மாற்றிவிடுவேன்.

பெருவிரல் முனையில்தான் முதலில் தேயும். அடி ரப்பர் மெலிந்து, சுற்றுப் பட்டை தேய ஆரம்பிக்கும் முன் சோல் மாற்றக் கொடுத்துவிடவேண்டும். பட்டையில் ஓட்டை விழுந்தால் செலவு கூடும், வடிவமும் மாறும். பக்கத்துத் தெரு செருப்புக் கடையில் கொடுக்காதீர்கள். அவர்கள் கைவேலைக்குக் குறைவில்லை, அவர்களிடம் கிடைக்கும் ரப்பர் ஷீட் இதற்கானது இல்லை. பழைய ரப்பரைச் சூடு காட்டி உரித்து, அடித்தளத்தைத் தேய்த்து, ஏறும் ஷூவுக்கென்றே வரும் ரப்பரைப் பசையும் அழுத்தமும் கொடுத்து ஒட்டவேண்டும். இந்த வேலை செய்கிறவர்கள் நம் நாட்டில் குறைவு. உங்கள் ஊர் ஏறும் குழுவில் கேட்டால் ஆள் சொல்வார்கள். அப்பர் நல்ல தோல் என்பதால் சோலை ஒன்றுக்கு மேற்பட்ட தரம் மாற்றலாம், அந்தக் கணக்கில் விலை அவ்வளவாகத் தெரியாது.

லேஸ் பற்றி ஒரு வார்த்தை. பாறையில் உரசும் இடத்தில் அது பிசிறும். பிசிறு கண்ணில் பட்டதும் மாற்றிவிடுங்கள், அறுந்தால் குதிகால் பிடிப்பு மொத்தமும் போய்விடும். குதிகாலைச் சுற்றி வருவதால் சாதாரண ஷூ லேஸ் நீளம் போதாது, பழையதை உருவி அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். உருவும் முன் அது போகும் வழியை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

பெண்களுக்குத் தனி மாடலும் இருக்கிறது, அளவு ஒன்றே என்றாலும் பாதத்தின் மேல்பக்கமும் குதிகாலும் கொஞ்சம் ஒடுக்கமாக வரும். ஒல்லியான பாதம் இருப்பவர்கள் அதை எடுக்கலாம். என் மாதிரி முன்பாதம் அகலமாக இருப்பவர்கள் வெட்கப்படாமல் ஆண்கள் மாடலைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பது பாறைக்குத் தெரியாது. நான் போட்டிருப்பது ஆண்கள் மாடல்தான். இது தேய்ந்தால் சோல் மாற்றுவேன், அப்பர் போனால் அதே மாடல், அதே அளவு, இன்னொரு ஜோடி.